கொள்ளைநோய்க் காலத்தில் கருவுற்ற தாய்மாரும் நீரிழிவு நோயாளரும்

புதிய கிருமியொன்று உலகெங்கும் பரவும்போது அதன் தாக்குதல் எல்லாரிடத்தும் ஒரே அளவாக இருப்பதில்லை. சிலருக்குச் சளியும் காய்ச்சலுமாக வந்து ஒரு வாரத்தில் நீங்கிவிடும் நோய், வேறு சிலரை மூச்சுக் கருவியின் துணையோடு படுக்கவைத்து விடுகின்றது. இவ்வாறு கடுமையாகத் தாக்கப்படுவோருள் இரு சாரார் நம் குடும்பங்களில் மிகுதியாக உள்ளனர். ஒரு சாரார் கருவுற்ற தாய்மார். மற்றவர் நீரிழிவு நோய் உடையோர். நம் மக்கள் பேச்சு வழக்கில் 'இனிப்பு நீர்' உள்ளவர்கள். இவ்விரு நிலைகளும் ஒருவரிடத்தே சேர்ந்து காணப்படுவதும் உண்டு.

ஈப்போ நகரின் புந்தோங் வட்டாரம் பேராக் தமிழருக்குப் புதிய பெயரன்று. கச்சாங் பூத்தே வணிகத்தால் நாடெங்கும் பெயர்பெற்ற இவ்வட்டாரத்தில் இந்தியர் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். ஈப்போவைச் சூழ்ந்திருந்த இரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாற்றப்பட்டும், வீடமைப்புக்கு விற்கப்பட்டும் போன காலத்தில், லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் பல இத்தகைய வட்டாரங்களில் குடியேறின. தோட்டத்தில் இருந்தவரை கூப்பிடு தூரத்தில் ஒரு மருந்தகமும் 'டிரசர்' ஐயாவும் இருந்தனர். அம்மருந்தகங்களின் தரம் எல்லாத் தோட்டங்களிலும் ஒன்றாக இருந்ததில்லை என்பது உண்மையே. ஆயினும் எந்த வீட்டில் யார் வாயும் வயிறுமாக இருக்கிறார், எவருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நகரத்தில் அந்தக் கண்காணிப்பு இல்லை. மருந்தகத்தை நாடி நாமே போகவேண்டும். குறித்த நாளில் தவறாமல் போகவேண்டும். கொள்ளைநோய்க் காலத்தில் முதலில் அறுந்துபோவது இந்தத் தொடர்புதான். கருவுற்றவருக்கும் நீரிழிவு உள்ளவருக்கும் கிருமியால் எவ்வளவு ஆபத்து உண்டோ, ஏறக்குறைய அவ்வளவு ஆபத்து இத்தொடர்பு அறுவதாலும் உண்டு.

இது இன்று நேற்றுக் கண்ட உண்மையன்று. 1918-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இன்ஃபுளுவென்சா என்னும் விஷக்காய்ச்சல் மலாயாவில் பரவியபோது தோட்டங்களிலும் ஈயச் சுரங்கங்களிலும் பெருந்தொகையானோர் மாண்டனர். இந்தியத் தொழிலாளர் அதில் மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர். அக்காலத்தில் இன்சுலின் கிடையாது. மனிதருக்கு முதன்முதலாக அது செலுத்தப்பட்டது 1922 ஜனவரியில், கனடாவின் டொரொண்டோ நகரில். நுரையீரல் அழற்சிக்குக் கொடுக்க இன்றுள்ள நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகளும் அன்று இல்லை. அமெரிக்காவில் ஹாரிஸ் என்னும் மருத்துவர், அக்காய்ச்சல் கண்ட 1,350 கருவுற்ற தாய்மாரின் விவரங்களைத் திரட்டி 1919-இல் வெளியிட்டார். அவர்களுள் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் இறந்திருந்தனர். 1957-இன் ஆசியக் காய்ச்சலிலும், 2009-இன் எச்1என்1 காய்ச்சலிலும் கருவுற்ற தாய்மாரே மற்றப் பெண்களைவிடக் கடுமையாகத் தாக்கப்பட்டனர்.

அதன்பின் வந்தது கோவிட்-19. மலேசியாவில் அந்நோய் 2020 ஜனவரி 25-ஆம் நாள் முதன்முதலாக உறுதிசெய்யப்பட்டது. மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. முதலாண்டை நாடு ஓரளவு தாங்கிக்கொண்டது. 2021-இல் 'டெல்டா' வகைக் கிருமி பரவியபோது நிலைமை மாறியது. பிரசவத்தையும் கருவுற்ற நிலையையும் ஒட்டி நேரும் தாய் மரணம், 2020-இல் ஒரு இலட்சம் குழந்தைப் பிறப்புக்கு ஏறத்தாழ 25 ஆக இருந்தது, 2021-இல் 68 ஆக உயர்ந்தது. பல்லாண்டு உழைப்பால் குறைத்த எண்ணிக்கை ஓராண்டில் இருமடங்குக்கும் மேலாகிவிட்டது. அதற்குத் தலையாய காரணம் கோவிட்-19 என்பதில் ஐயமில்லை.

நீரிழிவைப் பற்றிய கணக்கும் கவலை தருவதே. 2019-ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது பத்துப் பேருக்கு மூவர் என்னும் அளவில் இருந்தது. மேலும், நீரிழிவு இருந்தும் அதனை அறியாதவர் பலர். சீனாவில் 2020 தொடக்கத்தில் எடுத்த கணக்கில், கோவிட் கண்ட நூற்றுவரில் இருவருக்குச் சற்று மேலாக இறந்தனர். நீரிழிவு உடையோரை மட்டும் எடுத்துக்கொண்டால் அது ஏழுக்கும் மேல். இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் அந்நோயால் இறந்தோரில் மூவருக்கு ஒருவர் நீரிழிவு உடையவர்.

இந்த உடல்களில் நோய் ஏன் முற்றுகிறது?

கரு வளர வளரக் கருப்பை மேலெழுந்து, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள உதரவிதானத்தை மேலே தள்ளுகின்றது. நுரையீரல் விரிய இடம் குறைகின்றது. அதே வேளையில் தாய்க்கும் சேய்க்குமாக உடலுக்கு வேண்டிய பிராணவாயுவின் அளவு கூடுகின்றது. நலமாக உள்ள காலத்தில் உடல் இதனைச் சமாளித்துக்கொள்ளும். நுரையீரலில் அழற்சி கண்டால் கைவசம் இருப்பு இல்லாத குடும்பத்தில் திடீர்ச் செலவு வந்ததுபோல் ஆகிவிடும். கருவுற்ற காலத்தில் இரத்தம் எளிதில் உறையும் தன்மை பெறுகின்றது. கோவிட் கிருமியும் இரத்தத்தை உறையச் செய்வதால் இரண்டும் சேர்ந்து துன்பம் தரும். அமெரிக்காவில் 2020-இல் வெளிவந்த ஆய்வொன்றில், நோய்க் குறிகள் கண்ட கருவுற்ற தாய்மார் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்படுவது, அதே வயதில் கருவுறாத பெண்களைக் காட்டிலும் மும்மடங்காக இருந்தது. குறைமாதப் பிரசவமும் கருவில் குழந்தை இறப்பதும் மிகுந்தன.

நீரிழிவு உள்ளவரிடத்தில் நடப்பது வேறு. காய்ச்சல் கண்டவுடன் உடல், நோயை எதிர்க்கும் பொருட்டுச் சில சுரப்பு நீர்களை மிகுதியாக வெளிவிடுகின்றது. அவை கல்லீரலிலிருந்து சர்க்கரையை இரத்தத்தில் கலக்கச் செய்கின்றன; இன்சுலினின் வேலையையும் தடுக்கின்றன. ஆகவே ஒன்றுமே உண்ணாமல் படுத்திருந்தாலும் சர்க்கரை ஏறும். "சாப்பாடே இறங்கவில்லை, பிறகு எதற்கு இன்சுலின்?" என்று ஊசியை நிறுத்திவிடுகிறவர்கள் நம்மிடையே ஏராளம். இது மிகவும் ஆபத்தான எண்ணம். இன்சுலின் இல்லாதபோது உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதன் கழிவாகிய கீட்டோன் என்னும் அமிலம் இரத்தத்தில் தேங்கும். வாந்தி, வயிற்று வலி, ஆழ்ந்து வேகமாக வாங்கும் மூச்சு, மூச்சில் பழவாசனை, பின்பு மயக்கம் என அது முற்றும். கருவுற்ற பெண்ணிடத்தில் இந்த அமிலத் தேக்கம் சர்க்கரை மிக உயர்வாக இல்லாதபோதும் நேரிடலாம். கருவிலுள்ள குழந்தையை அது விரைவில் பாதிக்கும்.

கருவுற்ற காலத்தில் மட்டும் தோன்றும் நீரிழிவும் உண்டு. 2022-இல் நடந்த தாய் சேய் நல ஆய்வில், நம் நாட்டுக் கருவுற்ற தாய்மாரில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவரிடம் அது காணப்பட்டது. குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடிக்கச் செய்து, முன்னும் பின்னும் இரத்தம் எடுத்துச் சோதிப்பதன்மூலம் இது அறியப்படுகிறது. வெறும் வயிற்றில் 5.1 மில்லிமோல் அளவோ அதற்கு மேலோ, அன்றி இரண்டு மணி நேரத்திற்குப் பின் 7.8 அளவோ அதற்கு மேலோ காணப்பட்டால் நீரிழிவு என்று கொள்வர். இதற்கு வெளிப்படையான குறி ஏதும் இல்லை. கூட்டத்திற்கு அஞ்சி இச்சோதனையைத் தவிர்த்த பெண்ணுக்குத் தன் நிலை தெரியவே தெரியாது.

மறைந்து நிற்கும் ஆபத்துக் குறிகள்

கருவுற்ற பெண்ணுக்கு வாந்தி வருகிறது. வீட்டில் உள்ள பெரியவர்கள் "மசக்கை" என்பர். மூச்சு வாங்குகிறது. "வயிறு பெரிதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்பர். அசதியாக இருக்கிறது, அடிக்கடி தாகம் எடுக்கிறது, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுகிறாள். இவையெல்லாம் பிள்ளைத்தாய்ச்சிக்கு இயல்புதானே என்று விட்டுவிடுவர். இயல்புதான்; அதில்தான் இடர்ப்பாடே உள்ளது. நுரையீரல் அழற்சியின் மூச்சுத் திணறலும், கீட்டோன் தேக்கத்தின் வாந்தியும், உயர்ந்த சர்க்கரையின் தாகமும் இந்த இயல்பான தொல்லைகளின் உருவிலேயே வருகின்றன. வேறுபாட்டைக் கண்ணால் மட்டும் அறிய இயலாது. அளந்து பார்க்கவேண்டும்.

இதற்கு வேண்டியவை சில எளிய கருவிகளே. காய்ச்சல் பார்க்கும் கருவி, விரல் நுனியில் மாட்டிப் பிராணவாயு அளவைக் காட்டும் கருவி, சர்க்கரை அளக்கும் கருவி ஆகிய மூன்றும் ஒரு வீட்டில் இருந்தால் நன்று. நான்கு குடும்பங்கள் சேர்ந்து வாங்கி, ஒவ்வொரு முறையும் துடைத்துத் தூய்மைசெய்து பயன்படுத்தினாலும் தவறில்லை. ஆனால் இரத்தம் எடுக்கக் குத்தும் ஊசியையும் அதன் பிடியையும் மட்டும் எக்காரணத்தாலும் பகிர்ந்துகொள்ளலாகாது. பிராணவாயு அளவு 95-க்குக் கீழே இறங்கினால், நோயாளி தெம்பாகப் பேசிக்கொண்டிருந்தாலும் காத்திராமல் மருத்துவமனைக்குப் போகவேண்டும். கோவிட் நோயில் மூச்சுத் திணறல் தோன்றுமுன்னே பிராணவாயு குறைந்துவிடுவதைப் பல நாட்டு மருத்துவர்களும் கண்டனர்.

கருவிலுள்ள குழந்தையின் அசைவும் ஓர் அளவையே. 28 வாரத்திற்குப் பின் அசைவுகளை எண்ணிக் குறிக்கும்படி நம் நாட்டுத் தாதியர் தாய்மாருக்குக் கற்பிக்கின்றனர். காலை 9 மணி தொடங்கி இரவு 9 மணிக்குள் பத்து அசைவுகள் இருக்கவேண்டும். காய்ச்சலுற்ற நாளில் இதனைக் கூடுதல் கவனத்தோடு செய்வது நலம்; அசைவு குறைந்தால் மறுநாள் வரை பொறுத்திருக்கக் கூடாது.

இனி, நோயுற்ற நாளில் நீரிழிவைப் பேணும் முறையைக் காண்போம். புந்தோங்கில் ஒரு வீட்டை மனத்தில் கொள்வோம். மாமியார் பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை உண்பவர். மருமகள் ஏழு மாதக் கருவுற்றவர். கருக்கால நீரிழிவுக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறவர். மகன் தொழிற்சாலையிலிருந்து காய்ச்சலைக் கொண்டுவந்து சேர்க்கிறார். இரண்டு அறை கொண்ட வீட்டில் யாரைத் தனியே வைப்பது? நோய் கண்டவர் ஓர் அறையில் இருக்க, மற்ற இருவரும் மற்றோர் அறையில், சன்னல்களைத் திறந்துவைத்து, முகக்கவரி அணிந்து இருப்பதே முடிந்த வழி. உணவைக் கதவருகே வைத்துவிட்டு வரலாம். இது பாசக் குறைவாகத் தோன்றலாம். சில நாள்களே என்று பெரியவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டும்.

இருந்தும் இருவருக்கும் காய்ச்சல் கண்டுவிட்டால், மருமகள் அன்றே மருந்தகத்திற்குத் தெரிவிக்கவேண்டும். இன்சுலினை நிறுத்தலாகாது. சர்க்கரையை நான்கு மணிக்கு ஒருமுறை பார்ப்பது நல்லது. கருவுற்றவருக்கு உணவுக்கு முன் 5.3-க்கு மேற்படாமலும், உண்டு இரண்டு மணி கழித்து 6.7-க்கு மேற்படாமலும் இருப்பது பொதுவான இலக்கு. அளவு கூடினால் இன்சுலினை எவ்வளவு கூட்டுவது என்பதை மருத்துவரே சொல்லவேண்டும். நான்குக்குக் கீழே இறங்கி வியர்வையும் நடுக்கமும் கண்டால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மீண்டும் பார்க்கவேண்டும். மாமியாரின் நிலை சற்று வேறு. வாந்தியும் வயிற்றுப்போக்கும் இருக்கும் நாள்களில் மெட்ஃபோர்மின் முதலிய சில மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்துமாறு மருத்துவர் கூறுவர். சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் புதுவகை மாத்திரைகளையும் அவ்வாறே நிறுத்தச் சொல்வர். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை நலமாக இருக்கும்போதே கேட்டு, மருந்துப் பையின்மேல் எழுதிவைத்துக்கொள்வது அறிவுடைமை. காய்ச்சல் கண்ட பிறகு கேட்டறிவது எளிதன்று.

உணவைப் பற்றி ஒரு சொல். காய்ச்சல் வந்தால் குழைந்த அரிசிக் கஞ்சியும், கட்டிப் பால் கலந்த தேநீரும், மைலோவும் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். குழைந்த கஞ்சி சர்க்கரையை வெகு விரைவில் ஏற்றும். கட்டிப் பாலைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. கஞ்சியில் பருப்போ முட்டையோ கீரையோ சேர்த்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். நீர் நிறையக் கொடுக்கவேண்டும். கச்சாங் பூத்தேயில் இனிப்பு இல்லையே என்று கேட்பவர் உண்டு. கடலையும் பயறும் நல்ல உணவுதான். எண்ணெயில் பொரித்து உப்பிட்டு மாவும் கலந்த வகைகளைப் பொட்டலம் பொட்டலமாக உண்பதுதான் கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமோல் மாத்திரையைக் கருவுற்றவரும் அளவாக உண்ணலாம். ஐபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தாமே வாங்கி உண்ணலாகாது. கோவிட் காலத்தில் பலரும் நாடிய நிலவேம்புக் கஷாயம் கருவுற்றவருக்கு ஏற்றதன்று.

மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், நோய் முற்றியவருக்கு ஸ்டீராய்டு மருந்து கொடுப்பர். பிராணவாயு தேவைப்படும் நோயாளரின் இறப்பை அது குறைக்கின்றது என்பது 2020 ஜூனில் இங்கிலாந்தின் பேராய்வால் தெளிவாயிற்று. குறைமாதத்தில் பிரசவிக்கக்கூடிய தாய்க்கும், குழந்தையின் நுரையீரல் பக்குவமடைய இவ்வகை மருந்தே செலுத்தப்படுகின்றது. இம்மருந்து சர்க்கரையைச் சில நாள்களுக்கு வெகுவாக ஏற்றும். அதுகாறும் இன்சுலின் வேண்டாதிருந்தவருக்கும் அப்போது ஊசி தேவைப்படலாம். "மருத்துவமனைக்குப் போனதால்தான் இனிப்பு நீர் வந்தது" என்று உறவினர் எண்ணிக் கொதிப்படைவதற்கு இடமில்லை. கோவிட் கண்டவர் என்பதற்காக மட்டும் வயிற்றைக் கிழித்துப் பிரசவம் பார்ப்பதும் இல்லை. பிறந்த குழந்தைக்குத் தாய் கைகளைக் கழுவி, முகக்கவரி அணிந்து பால் கொடுக்கலாம். கொடுக்கவேண்டும் என்றே உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது.

சாலைகள் மூடப்பட்டாலும்

நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது குடும்பத்தில் ஒருவரே வெளியே செல்லலாம், பத்துக் கிலோமீட்டருக்குள்ளேயே செல்லலாம் என்னும் விதிகள் இருந்தன. ஆனால் மருத்துவத் தேவைக்கு அவை தடையாக வைக்கப்படவில்லை. மருந்தகத்தின் முன்பதிவு அட்டையைக் காட்டிச் செல்ல முடிந்தது. இதை அறியாமலும், அறிந்தும் அச்சத்தாலும் வீட்டிலேயே இருந்துவிட்டோர் பலர். அரசாங்க மருந்தகங்கள் மருந்துகளை அஞ்சலில் அனுப்பும் சேவையையும், காரில் இருந்தபடியே பெற்றுக்கொள்ளும் சேவையையும் நடத்தின. இவை இன்றும் பயனுள்ளவை. பதிந்து வைத்துக்கொள்வதற்கு அடுத்த கொள்ளைநோய் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கருவுற்றவரின் மருத்துவ ஏட்டில் ஒட்டப்படும் வண்ணத்தையும் குடும்பத்தார் அறிந்திருத்தல் நலம். வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்னும் வரிசையில் ஆபத்து கூடுகின்றது. சிவப்பு எனில் உடனே மருத்துவமனை. மஞ்சளுக்கு மாறிய ஏட்டைக் கணவரும் மாமியாரும் கண்டிருந்தால், "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்னும் பேச்சு எழாது.

தடுப்பூசியைப் பற்றியும் கூறவேண்டும். நாட்டின் தடுப்பூசித் திட்டம் 2021 பிப்ரவரி 24-இல் தொடங்கியது. கருவுற்றவர்க்குப் போடலாமா என்னும் ஐயம் முதலில் எங்கும் நிலவியது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் 14 முதல் 33 வாரம் வரை உள்ள தாய்மாருக்கு அது போடப்பட்டது. மலடாக்கிவிடும், கரு கலைந்துவிடும் என்னும் வதந்திகள் கைத்தொலைபேசி வழியே அதற்கு முன்பே வீடுதோறும் சென்று சேர்ந்திருந்தன. பின்னர் பல நாடுகளில் பெருந்தொகையான தாய்மாரிடம் நடத்திய ஆய்வுகள் எதிலும் அவ்வச்சம் உண்மையாகவில்லை. இன்று கோவிட்டின் கடுமை தணிந்துள்ளது. உலக நெருக்கடி நிலை 2023 மே 5-இல் நீக்கப்பட்டது. ஆனால் இன்ஃபுளுவென்சா ஆண்டுதோறும் வருகின்றது. கருவுற்ற தாய்க்குப் போடும் இன்ஃபுளுவென்சா தடுப்பூசியால் பிறக்கும் குழந்தைக்கும் காப்பு கிடைக்கின்றது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு அவ்வூசியை நேரே போட இயலாது என்பதால் தாயின் வழியே பெறும் காப்பு அதற்கு மிகவும் வேண்டியதாகும்.

பிரசவத்திற்குப் பின் கருக்கால நீரிழிவு பெரும்பாலோருக்கு மறைந்துவிடும். வீட்டில் பத்தியம், எண்ணெய்க் குளியல், குழந்தைக்குப் பெயர் சூட்டல் என்று பல வேலைகள் சேர்ந்துகொள்ளும். பத்தியம் என்ற பெயரில் தாய்க்கு நீரைக் குறைத்துக் கொடுப்பது மட்டும் வேண்டாம். இரத்தம் உறையும் ஆபத்து பிரசவத்திற்குப் பின்னும் ஆறு வாரம் வரை நீடிக்கின்றது. அந்த ஆறாம் வார அளவில்தான் சர்க்கரைச் சோதனையை மீண்டும் செய்யவேண்டும். அப்போது இயல்பாக இருந்தாலும், பிற்காலத்தில் நிலையான நீரிழிவு வரும் வாய்ப்பு இத்தாய்மாருக்கு மிகுதி. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும். குழந்தைக்குத் தடுப்பூசி போட அழைத்துச் செல்லும் நாளிலேயே தாயும் தன் சோதனைக்கு நாள் கேட்டுப் பெற்று, குழந்தையின் ஏட்டு அட்டையில் குறித்துக்கொள்ளலாம்.